சுடும் வெப்பத்தைக் கூட்டியும் இரும்புத்தாது பெல்லட்டின் வலிமை ஏறாதது ஏன்?

தாது மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் கரிய இரும்பு ஆக்சைடு), 1,320 டிகிரி வரை ஏற்றியும் ஒரு பெல்லட் (தாதுத்தூளை உருட்டிச் சுட்ட சிறு உருண்டை) 180 கிலோவுக்கு மேல் தாங்கவில்லை என்கிறீர்கள். ஊதுலைக்காரர்கள் கேட்பது 250 வாக்கில். பர்னரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, ஒரு பெல்லட்டை உடைத்துப் பாருங்கள்.

வெளியே செம்பழுப்பு ஓடு, உள்ளே கருஞ்சாம்பல் கரு, இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரிகிறதா? கருவைப் பொடித்துக் காந்தத்தைக் காட்டுங்கள். பாய்ந்து ஒட்டினால் கோளாறு சுடும் பகுதியில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது.

மேக்னடைட் ஆக்சிஜனை வாங்கி ஹெமடைட்டாக (ஆக்சிஜன் கூடிய செம்பழுப்பு ஆக்சைடாக) மாறும் வேலை முன்சூட்டிலேயே, அதாவது சுடும் பகுதிக்கு முந்திய கட்டத்திலேயே, 1,000-1,100 டிகிரிக்குள், பெரும்பாலும் முடிந்துவிட வேண்டும். அதற்குள் 1,200-ஐத் தாண்டினால் ஓட்டிலுள்ள நுண்துளைகள் அடைபடும். உள்ளே ஆக்சிஜன் போக வழியிருக்காது. மாறாத கரு தன் போக்கில் இறுகிச் சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்றுகொள்ளும். இந்த நிலையில் வெப்பத்தைக் கூட்டுவது விரிசலைத்தான் வளர்க்கும்.

ஆகவே கிரேட்டின் (பெல்லட்டுகளைச் சுமந்து உலைக்குள் நகரும் கம்பித்தட்டின்) வேகத்தைக் குறைத்தோ அதன்மேல் பரப்பிய பெல்லட் படுகையின் உயரத்தைக் குறைத்தோ முன்சூட்டு நேரத்தை நீட்டுங்கள். அங்கே வரும் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பர்னர் புகையே சுற்றிச் சுற்றி வந்தால் எவ்வளவு நேரம் கொடுத்தும் பயனில்லை. இன்னொன்று, ஒரு கிலோ மேக்னடைட் மாறும்போது சுமார் 500 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். உலையிலுள்ள தெர்மோகப்பிள் (வெப்பமானி) வாயுவின் வெப்பத்தைத்தான் காட்டும். பெல்லட்டின் உள்சூடு அதைவிட அதிகமாகவே இருக்கலாம்.

"வெப்பம் கூடினால் வலிமை கூடும் என்று பாடத்திலேயே இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். இருக்கிறது, முழுக்க ஆக்சிஜனேறிய பெல்லட்டுக்கு. அதற்கும் எல்லை உண்டு. 1,350-ஐத் தாண்டிப் போகப்போக கசடு உருகிப் பெல்லட்டுகள் கொத்தாக ஒட்டும், இன்னும் மேலே போனால் ஹெமடைட்டே ஆக்சிஜனை இழந்து மேக்னடைட்டாகத் திரும்பும்.

ஹெமடைட் தாது வேறு கதை. அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. அரைக்கும்போதே ஒரு சதவீதம் வாக்கில் கோக் (நிலக்கரியிலிருந்து செய்யும் எரிபொருள்) தூள் சேர்ப்பார்கள். கூடிப்போனால் அங்கேயும் கரு கறுக்கும், இது கோக் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டதால். கர்நாடகத்தின் குதிரேமுக் சுரங்கம் 2005 கடைசியில் மூடியபின், அதன் தாதுவை நம்பியிருந்த மங்களூர் பெல்லட் ஆலை மேக்னடைட்டிலிருந்து ஹெமடைட்டுக்கு மாற வேண்டி வந்தது. தாது மாறினால் சூட்டு வரிசையையும் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது உதவாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வெறும் சராசரியை எழுதி அனுப்பும் ஆய்வகங்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அறுபது பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டு ஒரே எண்ணா? சராசரி 230 இருந்தும் பதினைந்து பெல்லட் நூறுக்குக் கீழே உடைந்தால், ஊதுலையில் தூளாகப் போவது அந்தப் பதினைந்துதான். நேர்கிரேட்டில் (உலர்த்துவது முதல் சுடுவது வரை ஒரே கிரேட்டில் நடக்கும் உலையில்) சூடு மேலிருந்து இறங்குவதால் அடி அடுக்குதான் பெரும்பாலும் வேகாமல் நிற்கும். மேல், நடு, அடி என்று மாதிரியைத் தனித்தனியாக எடுத்து, நூறுக்குக் கீழே எத்தனை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.