பதில்: பிசிஏல கல்லீரலும் கல்லீரலும் சேரல, ஒரே இனத்து எலிங்கதான் சேருது

ப்ரோ, பிசிஏல (ஜீன் அளவு ஒத்துப்போற சாம்பிள்கள கிட்ட கிட்ட காட்டுற படம்) சாம்பிள் திசுவாரியா சேராம ஏன் இனவாரியா சேருதுன்னு கேட்டிருந்தீங்க. மன்னார்குடி வயல்ல புடிச்ச பெருச்சாளி, சுண்டெலி ரெண்டோட கல்லீரல், மூளை ஆர்என்ஏவையும் லேப் சுண்டெலி ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) மேலயே மேப் பண்ணிருக்கீங்கன்னு, அதாவது பொருத்திப் பாத்திருக்கீங்கன்னு போட்டிருந்தீங்க, பாதி கோளாறு அங்கதான். பெருச்சாளி ராட்டஸ் வகைக்குத்தான் கிட்டத்து சொந்தம், அதோட ரீட்ஸ் (மெஷின் படிச்ச ஆர்என்ஏ துண்டுங்க) சுண்டெலி ஜீனோம்ல ஒட்டாம நிறைய விழுந்துரும், அப்புறம் அந்த ஜீனே கம்மியா வேலை செய்யுற மாதிரி காட்டும். ஒவ்வொண்ணையும் அதததோட ஜீனோம்லயே மேப் பண்ணுங்க, இல்லன்னா ரீட்ஸ வெச்சே ட்ரான்ஸ்கிரிப்டோம் (மொத்த ஆர்என்ஏ தொகுப்பு) அசெம்பிள் பண்ணிட்டு ஒண்ணுக்கு ஒண்ணு ஆர்த்தோலாக் ஜீன (ரெண்டு இனத்துக்கும் பொது மூதாதைகிட்ட இருந்து வந்த ஒரே ஜீன்) மட்டும் எடுங்க. ஜீன் நீளம் ரெண்டுலயும் வேற, அதையும் சரிக்கட்டணும்.

ஆனா எனக்கு உறுத்துறது வேற. பெருச்சாளி மட்டும் கிட்டில மாட்டினது, சுண்டெலி பொறில உயிரோட புடிச்சதுன்னீங்களே? சாயங்காலம் வரப்புல வெச்ச மூங்கில் கிட்டி, ராத்திரி எட்டு மணிக்கே கழுத்த நெரிச்சிருக்கும், நீங்க காலைல ஆறு மணிக்கு போய் வெட்டுறீங்க, நம்மூரு புழுக்கத்துல பத்து மணி நேரம். (எங்க மாமா வெக்கிற கிட்டில மாட்டுன எலிய தொட்டாலே தெரியும், வயிறு உப்பிருக்கும்.) மூளை ஆர்என்ஏ கொஞ்சம் தாங்கும், கல்லீரல் தாங்காது. இப்ப நீங்க பாக்குறது இன வித்தியாசமா, அழுகல் வித்தியாசமான்னு எந்த சாஃப்ட்வேராலயும் பிரிக்க முடியாது.

2014ல மனுஷன்-சுண்டெலி டேட்டாலயும் இதே மாதிரி இனவாரியா சேந்துச்சு, 2015ல திரும்பிப் பாத்தா சீக்வென்சிங் பேட்ச் (மெஷின்ல ஒண்ணா ஓட்டின தொகுதி) இனத்தோட பின்னிக் கிடந்துச்சு, அத சரிபண்ணதும் திசுவாரியா சேந்துச்சு. மொதல்ல உங்க ரின் நம்பர் (ஆர்என்ஏ எவ்ளோ சிதையாம இருக்குன்னு 1லேர்ந்து 10 வரைக்கும் சொல்ற மதிப்பு) எல்லாத்தையும் இங்க போடுங்க, பெருச்சாளி கல்லீரல் 5க்கு கீழன்னா அந்த சாம்பிள விட்ருங்க, கூண்டுப்பொறி வெச்சு புதுசா புடிங்க.