வாசகர் கேட்கிறார்: ஜாஸ் 2, கேமராவுக்குப் பின்னால்

கேள்வி: கடலோர ஊரைச் சுறா மிரட்டும் ஹாலிவுட் படமான முதல் ஜாஸை எடுத்த ஸ்பீல்பெர்க் இரண்டாவதை ஏன் எடுக்கவில்லை? (தென்காசி வாசகர்)

பட்டது போதும் என்றுதான். 55 நாளில் முடிய வேண்டிய ஷூட்டிங் 159 நாள் இழுத்தது, இயந்திரச் சுறாவோ உப்புத் தண்ணீரில் இறங்கியதுமே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் அதே கடலில் இறங்கச் சொன்னால் யார் வருவார்கள்? தவிர, அப்போது அவர் வேற்றுக்கிரகவாசிகள் படத்தில் மும்முரமாக இருந்தார்.

கேள்வி: இரண்டாம் பாகத்துக்கு நடுவில் டைரக்டரை மாற்றினார்களாமே, உண்மையா? (ஈரோடு வாசகி)

உண்மைதான். முதலில் வந்தவர் ஜான் ஹான்காக். திரைக்கதையில் அவர் மனைவி டோரதி டிரிஸ்டனுக்கும் பங்கு உண்டு. ஹான்காக்கின் யோசனை எனக்குப் பிடிக்கும்: சுறா வந்துபோன ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவார்களா என்ன, கடைகள் மூடிக்கிடக்கும், ஊரே களையிழந்து போயிருக்கும், அதிலிருந்து கதையை ஆரம்பிக்கலாம் என்றார். படத்தைத் தயாரித்த யுனிவர்சல் ஸ்டுடியோ கேட்டதோ வெயிலும் கடற்கரையும் இளவட்டங்களும். 1977 ஜூனில், ஷூட்டிங் தொடங்கிச் சில வாரங்களிலேயே, அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து யார்? முதல் படத்தின் எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸும் கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸும் சேர்ந்து இயக்கலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது, இயக்குநர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பாரிஸில் பிறந்து, டிவி தொடர்களில் வேலை பழகிய ஜானோ ஸ்வார்க் வந்தார். முதல் படத்துக்கு எழுதிய கார்ல் காட்லீப் இன்னொரு பக்கம் திரைக்கதையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு நேரம் கிடைக்கட்டும் என்று, படகு இழுக்கத் தண்ணீர்மேல் சறுக்கிப்போகும் வாட்டர் ஸ்கீயிங் பெண்ணைச் சுறா துரத்தும் காட்சியை ஸ்வார்க் முதலில் கையில் எடுத்தார். கெட்டிக்காரர். அந்தக் காட்சிக்கு வசனம் எதற்கு?

கேள்வி: போலீஸ் அதிகாரியாக வரும் ராய் ஷைடர் படம் முழுக்கக் கடுகடுவென்று இருக்கிறாரே? (நாகர்கோவில் வாசகர்)

இருக்காதா! அதே யுனிவர்சலின் 'தி டீர் ஹன்டர்' படத்தில் ஒப்பந்தமாகி, ஷூட்டிங்குக்குக் கொஞ்சம் முன்னால் விலகிவிட்டார். யுனிவர்சலுக்கு அவர் தரவேண்டிய கால்ஷீட் பாக்கி இருந்தது. இதில் நடித்துக்கொடு, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பிடித்துப் போட்டார்கள். செட்டில் டைரக்டரோடு கைகலப்பு வரை போய், வெர்னா ஃபீல்ட்ஸ்தான் சமாதானம் செய்துவைத்தார். ஆனால் ஒன்று, ஊரில் ஒருத்தரும் பேச்சைக் கேட்காத அதிகாரி வேடம் என்பதால் அந்த எரிச்சல் அப்படியே பொருந்திப்போனது. விரும்பி நடித்திருந்தால்கூட இவ்வளவு அமைந்திருக்காது.

கேள்வி: கடலில் எடுப்பது அவ்வளவு கஷ்டமா? தொட்டியில் எடுத்திருக்கலாமே? (புதுச்சேரி வாசகர்)

தொட்டியில் எடுத்தால் தொட்டி மாதிரிதான் தெரியும் ஐயா. ஊர்க் காட்சிகளை முதல் படம் போலவே அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மார்த்தாஸ் வினியார்ட் தீவில் எடுத்தார்கள், கடல் காட்சிகளுக்கு ஃப்ளோரிடாவின் நவாரே கடற்கரைக்குப் போனார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்று நம்பித்தான் போனது, ஆனால் வேலை டிசம்பர் வரை நீண்டுவிட்டது. கோடைக்காலக் கதை; பேசினால் நடிகர்கள் வாயிலிருந்து குளிரில் புகை வருகிறது, அதை மறைக்க ஷாட்டுக்கு முன்னால் ஐஸ் கட்டியை வாயில் போட்டு உறிஞ்சச் சொன்னார்களாம். பாய்மரப் படகுகள் இன்னொரு தலைவலி. ஒரு படகின் பாய் ஒரு பக்கம் புடைத்து, அடுத்த ஷாட்டில் காற்று திசை மாறியிருந்தால் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டவேண்டிய கன்டினியூட்டி போச்சு, அதனால் ஒரு சின்ன வசனத்துக்காக எல்லாப் படகும் அலையும் காற்றும் ஒன்றுசேரும்வரை காத்திருக்க வேண்டும். கிளைமாக்ஸில் வரும், கடலடி மின்கேபிள் போகும் தீவு நிஜத்தீவு இல்லை, மிதவைமேல் போட்ட செட். அதுவும் ஒரு தடவை கட்டு அறுந்து கியூபா திசையில் கிளம்பிவிட்டது என்பார்கள்.

எல்லாவற்றையும்விட, நடிகர்கள் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தபோது நிஜமான சுத்தியல் தலைச் சுறாக்கள் சுற்றி வந்ததாக ஒரு கதை உண்டு. காட்சியே அலறல் காட்சி என்பதால், நன்றாக நடிக்கிறார்கள் என்று யூனிட் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

கேள்வி: முதல் படத்தைவிட இதில் சுறாவை அதிகம் காட்டிவிட்டார்களோ? (மதுரை வாசகி)

வேண்டுமென்றேதான் காட்டினார்கள். எல்லாரும் பார்த்துவிட்ட சுறாவை மறைத்து என்ன பயன் என்பது ஸ்வார்க்கின் கட்சி. பாதி நியாயம். முதல் படத்தில் சுறா பழுதானதால் கேமரா அதை ஒளித்துவைத்தது, நம் கற்பனை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இங்கே ஹெலிகாப்டரையே தண்ணீருக்குள் இழுக்கிறது, அந்த இடத்தில் எனக்குப் பயத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. படகு வெடித்துச் சுறாவின் முகம் கருகிய தழும்பு மட்டும் நல்ல யோசனை, சுறாவுக்கும் ஒரு பகை இருப்பதுபோல் ஆகிவிட்டது.

கேள்வி: போட்ட பணம் வந்ததா? (சேலம் வாசகர்)

செலவு சுமார் 2 கோடி டாலர், அதுவரை யுனிவர்சல் எடுத்த படங்களிலேயே அதிகம் என்றார்கள். 1978 ஜூனில் வெளியாகிப் பல மடங்காகத் திரும்பியது. பிறகென்ன, 1983-ல் மூன்றாவது, அதுவும் 3டியில். டைரக்டர் யார் தெரியுமா? இரண்டாவதில் வாய்ப்புத் தவறிப்போன அதே ஜோ ஆல்வ்ஸ்.