என்ஜின் வேலை முடிந்தும் மலை ஏறாத லாரி

கேள்வி: எங்களுடையது 1994ஆம் ஆண்டு ஆறு சிலிண்டர் லாரி, டர்போ கிடையாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புனலூருக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறோம். லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவற்றை மாற்றி, கிராங்கைத் தேய்த்து, டீசல் பம்பையும் சர்வீஸ் செய்து என்ஜினைப் பூட்டி இரண்டு வாரம் ஆகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. கண்ணெரியும் அளவுக்கு வெண்புகை தள்ளுகிறது. சூடேறினால் புகை குறைகிறது. ஆனால் புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் இழுவையே இல்லை. சூட்டு முள்ளும் மேலே போகிறது. மறுபடியும் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா? - ஆலங்குளம் வாசகர்.

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறிகள் எல்லாம் என்ஜினுக்குள் செய்த வேலையைவிட, வெளியே கழற்றி மாட்டிய பம்பையே அதிகம் காட்டுகின்றன.

முதலில் அந்தப் புகை எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது நீரில் தொடர்ந்து குமிழி வந்தாலோ, நாள்தோறும் நீர் குறைந்தாலோ, ஆயில் குச்சியில் மோர் நிறம் தெரிந்தாலோ கேஸ்கெட் அல்லது ஹெட் மீது சந்தேகப்படலாம். அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. இவை எதுவும் இல்லாமல் கண் எரிந்து டீசல் வாடை அடித்தால், அது எரியாத டீசல்தான். செல்ஃப் அடிக்கும்போதே புகை வருகிறதென்றால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே ஏர் லாக் (டீசல் குழாயில் காற்றடைப்பு) என்று ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. டீசல் வருகிறது, ஆனால் உரிய நேரத்தில் வரவில்லை, அல்லது வந்தது எரியும் அளவுக்குச் சூடு பிறக்கவில்லை.

சூடு பிறக்காததற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. புதிதாக வேலை பார்த்த என்ஜின் இறுக்கமாக இருக்கும். அதைச் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் காற்று அழுந்தியும் போதிய வெப்பம் வராது. பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். புதுப் பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டிவிட்டால் கேபிள் உலோகத்தைத் தொடும்.

அடுத்தது பம்பு டைமிங், அதாவது பம்பு டீசலைப் பாய்ச்சும் நேரம். இதில்தான் என் சந்தேகம் முழுவதும். பம்பு கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், பூட்டும்போது 2 டிகிரி தள்ளிப்போனால் கிராங்கில் அது 4 டிகிரி ஆகிவிடும். டீசல் தாமதமாகப் பாய்ந்தால் காலையில் வெண்புகை, மழுங்கிய சத்தம், ஏற்றத்தில் இழுவையின்மை, சூடு என எல்லாம் ஒன்றாகவே வரும்; முன்கூட்டிப் பாய்ந்தால் கடகடவென்று தட்டும். சோதிக்க, ஆறாவது சிலிண்டரின் இரண்டு டேப்பெட்டுகளும் (வால்வுகளைத் தள்ளும் பாகங்கள்) ஒரே நேரத்தில் அசையும் இடத்துக்கு என்ஜினைச் சுற்றுங்கள். அப்போது முதல் சிலிண்டர் கம்ப்ரஷனின் மேல்முனையில் நிற்கும். அங்கிருந்து சற்றுப் பின்னே சுற்றிவிட்டு, பம்பின் முதல் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, பம்பின் ஆக்ஸிலரேட்டர் லீவரை முழுமையாக இழுத்து வைத்து, ஹேண்ட் பம்பை அடித்தபடி என்ஜினை அதன் திசையிலேயே மெல்ல நகர்த்துங்கள். ஓடிக்கொண்டிருந்த டீசல் சொட்டாகக் குறைந்து நிற்கும் கணமே டீசல் பாயத் தொடங்கும் கணம். அப்போது கிராங்க் புல்லியிலோ ஃப்ளைவீலிலோ உள்ள குறி, உங்கள் என்ஜினுக்குரிய அளவைத் தாண்டி மேல்முனையை நெருங்கியிருந்தால் தாமதம் உறுதி. பம்பை நகர்த்தும் முன் பழைய இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சில் நிற்கும் பம்பின் உடலைத் தண்டு சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னே வரும்.

டைமிங் சரியாக இருந்தும் புகை நிற்காவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றுங்கள். பழைய செம்பு வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதையும் வைத்துப் பூட்டினால், நாசில் முனை உயர்ந்து நின்று டீசலைத் தவறான இடத்தில் தெளிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்கூடப் பழைய வாஷர் ஹெட்டின் நிறத்திலேயே கறுத்துக் கிடக்கும். கம்பியால் நெம்பினால்தான் தெரியும்.

ரேடியேட்டரில் ஆழ்குழாய் நீரை ஊற்றி வந்திருந்தால் சூட்டுக்கு உப்புப் படிவமும் ஒரு காரணமாக இருக்கலாம். கழுவிவிட்டு, நல்ல நீரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: என்ஜின் வேலை பார்த்தபின் 800 கிலோமீட்டர் காலி வண்டியாகவே மெதுவாக ஓட்டினோம். இப்போது நீலப்புகை வருகிறது. ரிங் சரியில்லையா? - சங்கரன்கோவில் வாசகர்.

பதில்: அளவுக்கு மீறிய மென்மைதான் காரணமாக இருக்கும். ரிங் லைனரோடு படிய, அதன் பின்னால் எரிந்த வாயுவின் அழுத்தம் வேண்டும். காலி ஓட்டமும் நெடுநேர ஐடிலிங்கும் லைனரைப் பளபளப்பாக்கி ஆயிலை மேலேற விடும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, பாதி லோடு ஏற்றி, இழுத்தும் விட்டும் சில நாள் ஓட்டுங்கள். அதன் பின்னும் பிரீதரில் (என்ஜினின் உள்வாயு வெளியேறும் குழாய்) புகை தள்ளினால் கம்ப்ரஷன் அளந்து பார்த்துவிட்டுப் பிரிக்கலாம்.