எஸ்கியூஎல் சர்வருக்கு எத்தனை ஜி.பி. விடலாம்?

கேள்வி: பெங்களூரு பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் மின்சாதன மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் 14 கம்ப்யூட்டரில் பில்லிங். பீன்யா குடோனிலிருந்து 4 பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதே சர்வருக்குள் வந்து ஸ்டாக் பார்க்கிறார்கள். விண்டோஸ் சர்வர், 16 ஜி.பி. ராம், டேட்டா ஃபைல் 18 ஜி.பி. டாஸ்க் மேனேஜரில், பில்லிங்குக்கு டேட்டாபேஸாக இருக்கும் எஸ்கியூஎல் சர்வர் என்ற மென்பொருள் மட்டும் 13 ஜி.பி.க்கு மேல் காட்டுகிறது. "மெமரி லீக்" (எடுத்த மெமரியை விடாமல் வீணாக்கும் கோளாறு) என்று சொல்லி ஏ.எம்.சி.காரர் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்) இரவுதோறும் அதை ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டார். காலை 11 மணி வரை பில் ஊர்கிறது. மாலையில் குடோன்காரர்களுக்கு ஸ்கிரீன் உறைந்துபோகிறது. இப்போது 64 ஜி.பி. ராமுக்குக் கொட்டேஷன் தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எஸ்கியூஎல் சர்வருக்கு 9 ஜி.பி. என்று உச்சவரம்பு வையுங்கள். இரவு ரீஸ்டார்ட்டை இன்றே நிறுத்துங்கள்.

13 ஜி.பி. பிடித்துக்கொண்டிருப்பது லீக் இல்லை. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்ததை மெமரியிலேயே வைத்துக்கொள்வதுதான் எஸ்கியூஎல் சர்வரின் வேலை. அடுத்த பில்லுக்கு அதே சரக்கின் விலை வேண்டுமென்றால் டிஸ்குக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். விண்டோஸ் நெருக்கினால் ஒழிய, பிடித்ததைத் திருப்பித் தராது. இரவு ரீஸ்டார்ட் செய்தால் சேர்த்து வைத்த அத்தனையும் போய்விடும். காலையில் கடை திறந்ததும் 14 கம்ப்யூட்டரும் கேட்பதை எல்லாம் மறுபடி டிஸ்கிலிருந்து இழுக்க வேண்டும். உங்கள் 11 மணிக் கணக்கு இதுதான். மருந்தே நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மாலைத் தொல்லைக்குக் காரணம் வேறு. உச்சவரம்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் யாரும் கை வைக்காவிட்டால் 2147483647 எம்.பி. என்று நிற்கும். அதாவது வரம்பே இல்லை. பகல் முழுக்க எஸ்கியூஎல் வளர்ந்துகொண்டே போக, விண்டோஸுக்கும் குடோன்காரர்களுக்கும் மிஞ்சுவது சொற்பம். விண்டோஸ் அவர்கள் மெமரியை டிஸ்கில் தள்ளுகிறது, ஸ்கிரீன் உறைகிறது. 2019 பதிப்பிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போதே இந்த அளவைக் கேட்டு, தானே ஓர் எண்ணையும் பரிந்துரைக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்ய வருகிறவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டுப் போகிறார். சம்பளம் தட்டுவதற்குத்தானே!

9 எப்படி வந்தது? 16 ஜி.பி. மெஷினில் விண்டோஸ், ஆன்டிவைரஸ், பேக்கப் ஆகியவற்றுக்கு 4 ஒதுக்குங்கள். ரிமோட்டில் வருகிற ஆளுக்கு முக்கால் ஜி.பி. என்று 4 பேருக்கு 3. மிச்சம் 9. குடோன்காரர்கள் இந்த மெஷினுக்குள் வராமல் இருந்தால் 12 விட்டிருக்கலாம். வரம்பில் அடங்காமல் எஸ்கியூஎல் தனியாகத் தின்கிற கொஞ்சமும் உண்டு. அதனால் மிச்சத்தைக் கடைசி எம்.பி. வரை வழித்துக் கொடுக்காதீர்கள்.

கடை மூடியபின் செய்யுங்கள். எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கம் மேலே இருக்கும் சர்வர் பெயரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், மெமரி. 'மேக்ஸிமம் சர்வர் மெமரி' கட்டத்தில் 9216 என்று அடித்து ஓகே கொடுங்கள். எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கட்டம் கேட்பது எம்.பி. என்பதை மறக்காதீர்கள். ஒரு இலக்கம் விட்டு 921 என்று போட்டால் மறுநாள் கடையே திணறும். மேலே இருக்கும் 'மினிமம்' கட்டம் 0 என்றே இருக்கட்டும்.

மூன்று நாள் கழித்து, கூட்டமான மாலை நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 'அவைலபிள்' ஒன்றரை ஜி.பி.க்குக் கீழே இறங்கினால் வரம்பை 512 எம்.பி. குறையுங்கள். எஸ்கியூஎல் 9 ஜி.பி.யை முட்டி நின்றால் பதற வேண்டாம், அப்படித்தான் நிற்கும்.

18 ஜி.பி. டேட்டாவுக்கு 9 போதுமா? பெரும்பாலும் போதும். பில்லிங் தொடுவது சரக்குப் பட்டியல், பார்ட்டி பாக்கி, இந்த நிதியாண்டு பில்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய பில்லை யாரும் தினமும் கேட்பதில்லை. சந்தேகமானால் விண்டோஸில் இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைப் பாருங்கள். பில் ஊரும் நேரத்தில் எஸ்கியூஎல்லின் 'ரீட்' எண் விடாமல் ஓடினால் மெமரி பற்றவில்லை. எண் அசையாமல் பில் மட்டும் ஊர்ந்தால், எத்தனை ராம் போட்டாலும் அது அப்படியேதான் ஊரும். யாரோ பெரிய ரிப்போர்ட் ஓட்டி டேபிளைப் பூட்டி வைத்திருப்பார், அல்லது டேட்டாவைச் சட்டென்று தேட உதவும் இண்டெக்ஸ் இல்லை. ஆன்டிவைரஸில் எம்டிஎஃப், எல்டிஎஃப் ஃபைல்களை (எஸ்கியூஎல்லின் டேட்டா, லாக் ஃபைல்கள்) விலக்கி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற கடைக்காரர்களுக்கு ஒரு விதிவிலக்கு. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். உங்களுடையது இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பானால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. டேட்டாவை மெமரியில் வைக்க எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொள்வது 1410 எம்.பி.தான். 16 போட்டாலும் 64 போட்டாலும் அதே 1410. எஸ்கியூஎல் இரண்டு ஜி.பி. அருகிலேயே நின்றுகொண்டு, 'ஃப்ரீ' ஏகத்துக்கும் கிடந்தால் எக்ஸ்பிரஸ்தானா என்று பாருங்கள். அதே ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் பதிப்பின் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் ராம் விற்கிறவரை உள்ளே விடாதீர்கள். எக்ஸ்பிரஸில் 'ஆட்டோ குளோஸ்' ட்ரூ என்று இருந்தால் ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லையேல் கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸ் மூடிக்கொண்டு சேர்த்ததை எல்லாம் கொட்டிவிடும். 2022 பதிப்பு வரை எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி.தான் உச்சம் என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்களுடையது 13 ஜி.பி. பிடிப்பதால் எக்ஸ்பிரஸ் இல்லை. அப்படியானால் லைசென்ஸ் பில் எங்கே? ஜெனரல் பக்கத்தில் 'டெவலப்பர்' என்று இருந்தால், அது மென்பொருள் எழுதிச் சோதிக்க மட்டும் இலவசம். கடையில் பில் போட அனுமதி கிடையாது. 'எவாலுவேஷன்' என்றால் 180 நாளில் சர்வீஸ் நின்றுவிடும். இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பின் விலையை வாங்குகிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். நம் ஏ.எம்.சி. ஒப்பந்தங்களில் வருடத்துக்கு எத்தனை விசிட் என்று எழுதியிருக்கும். எந்தப் பதிப்பு, எஸ்கியூஎல்லின் நிர்வாகி கணக்கான 'எஸ்ஏ'வின் பாஸ்வேர்டு யார் கையில் என்று ஒரு வரி இருக்காது. அதை எழுதி வாங்குங்கள்.

ரிசோர்ஸ் மானிட்டர் பார்த்தபின் ராம் தேவை என்றே ஆனால், இன்னொரு 16 போட்டு 32 ஆக்கினால் போதும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோடுக்குப் போகுமுன் இப்போதிருக்கும் ராமின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் ராமில் ரெஜிஸ்டர்டு, அன்பஃபர்டு என்று வகைகள் உண்டு. கலந்து போட்டால் மெஷின் எழாது. பழைய சர்வரில் கழற்றியதைத் துடைத்து விற்பதும் நடக்கிறது. சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ராம் மாட்டிய அன்றே 9216-ஐ 23552 ஆக மாற்றுங்கள், விண்டோஸுக்கும் குடோனுக்கும் 9 ஜி.பி. மிஞ்சும். மாற்றாமல் விட்டால் காசு கொடுத்து வாங்கிய 16 ஜி.பி. எஸ்கியூஎல்லுக்குப் போகாமல் சும்மா கிடக்கும்.