பழைய ஆம்னி வேனின் பின்பக்கம் தாழ்ந்து, வளைவுகளில் சாய்கிறது. கூடுதல் பட்டை சேர்க்கலாமா?

உங்கள் 2005 ஆம் ஆண்டு மாருதி ஆம்னியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, வளைவுகளில் அதிகம் சாய்கிறது, நெடுஞ்சாலையில் நேராக நிற்காமல் அலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வளைந்த எஃகுத் தகடு) ஒன்று போடச் சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். போட வேண்டாம் என்பதே என் பதில். போட்டுப் பார்த்து ஆறே மாதத்தில் கழற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த வண்டியின் அகலம் 1,410 மி.மீ., உயரம் 1,640 மி.மீ. அகலத்தைவிட உயரம் கூடிய வண்டி புதிதாக இருந்தபோதே ஓரளவு சாய்ந்துதான் திரும்பியது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளுடன் கூடிய திடமான ஆக்ஸிலும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) இருக்கின்றன. பின்பட்டையை மட்டும் விறைப்பாக்கினால், வளைவில் சாய்வைத் தடுக்கும் சுமையில் பெரும்பங்கு பின்பக்கத்துக்கு மாறி, வெளிப்பக்கப் பின் டயரின் மேல் பாரம் குவிகிறது. உள்பக்க டயர் லேசாகிவிடுகிறது. எட்டுப் பேர் ஏறியிருக்கும்போது இது தெரியாது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், தூறலில் காலி வண்டியாக வந்துகொண்டிருந்தபோது, பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியதை உணர்ந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல, ரப்பர். என் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டையின் முனையைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தபோது, ஷேக்கிள் புஷ் (பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் இடத்திலுள்ள ரப்பர் உருளை) ஒருபக்கமாகத் தேய்ந்து, தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்ஸில் அந்த இடைவெளி அளவுக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஆகவே பின் புஷ்கள், முன் லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ்கள், அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு இணைக்கும் மவுன்ட் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுதாக இறுக்க விடாதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் வந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் பல இடங்களில் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது ஷாக் அப்சார்பர். புதிய ஷாக் போட்டால் தாழ்ந்த வண்டி எழும்பும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவே. எண்ணெய் கசிந்திருந்தால் இருபக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பட்டை உண்மையிலேயே தளர்ந்திருந்தால், பழையதைப் பட்டறையில் வளைத்து நிமிர்த்துவதைவிட அதே அளவிலான புதிய செட் வாங்குவது நல்லது. வளைத்த பட்டை என்னிடம் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. முன் காயில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையையும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் செய்யக் கூடாது. அழுந்திய ஸ்பிரிங் விடுபட்டால் கை போய்விடும்.

டயரில் அகலத்தைவிட, பாரம் தாங்கும் திறன் முக்கியம். அதே 12 அங்குலத்தில், வேனுக்குரிய பாரக்குறியீடு (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) உள்ளதையே வாங்கி, காலி வண்டிக்கும் பாரமேற்றிய வண்டிக்கும் உரிய காற்றழுத்தத்தைக் கதவோரத்திலோ கையேட்டிலோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புஷ்களெல்லாம் மாற்றிய பிறகுதான் வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). முன்னதாகச் செய்தால் அந்தக் காசு வீண்.

பட்டையைக் கழற்றி மாட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து இறுக்குங்கள். என் வண்டியில் இடப்பக்க நட்டு ஒன்று கால் சுற்று கூடுதலாக இறங்கியது.