பையனுக்கு 14, எக்ஸ்ரேயில் 16 என்றால் சான்றிதழ் பொய்யா?

வணக்கம்ங்க. பையனுக்கு 14 வயது, அணித் தேர்வுக்கு எடுத்த மணிக்கட்டு எக்ஸ்ரேயில் 16 என்று வந்திருக்கிறது, சான்றிதழைத் திருத்தினீர்களா என்று பயிற்சியாளர் கேட்கிறார் என எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள். அந்தப் படம் பிறந்த தேதியைச் சொல்லாது. எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் நுனிக்குச் சற்று மேலே கறுப்புக் கோடு தெரிகிறதா? அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் வெள்ளையாக விழாது. பருவ வளர்ச்சி முன்னேற முன்னேற அது மெலிந்து, கடைசியில் மூடிவிடும். சீக்கிரம் மீசை அரும்பிய பையன்களுக்கு எலும்பும் முந்திக்கொள்ளும். இந்த வயதில் இரண்டு வருடம் வரை முன்பின் இருப்பது அபூர்வமில்லை.

அப்புறம், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். கிரூலிச்-பைல் என்றால் 1959-இல் வந்த கை எக்ஸ்ரே படத் தொகுப்போடு (அட்லஸ்) ஒப்பிடுவது. அதிலுள்ளவை அமெரிக்காவின் கிளீவ்லாந்து பிள்ளைகளின் கைகள். டிடபிள்யூ3 (டானர்-ஒயிட்ஹவுஸ் முறை) என்றால் கையின் 13 எலும்புகளுக்குத் தனித்தனி மதிப்பெண். ஒரே படத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் தரலாம்.

2015 சிறார் நீதிச் சட்டமே பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறது. ஆனால் விளையாட்டு அமைப்புகளுக்குத் தனி விதி. அங்கே இதைக் காட்டி வாதாடிப் பெரிய பலன் இருக்காது.

எனக்கு அவனுடைய உயரம்தான் முக்கியமாகப் படுகிறது. தட்டு முன்பே மூடினால் வளர்ச்சியும் முன்பே நிற்கும். படத்தையும் பள்ளியில் எடுத்த உயரக் குறிப்புகளையும் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.