பால்கனியில் விறகடுப்பு வைக்கலாமா?

கேள்வி: ஜெலுத்தோங்கில் 12ஆவது மாடியில் வீடு. சமையல் முழுக்க இண்டக்‌ஷன் அடுப்பில்தான். கரண்டு போனால் பட்டினி. பால்கனியில் விறகடுப்பு வைத்துக்கொள்ளலாமா? ரப்பர் கட்டை புகையுமென்றால் கரி போடலாமா?
– வாசகி, பினாங்கு

பதில்: இரண்டும் வேண்டாம். விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து உங்களை எழுந்து ஓட வைக்கும். கரி அந்த உதவிகூடச் செய்யாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசமுமில்லை. தலைவலியில் தொடங்கி மயக்கத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மழைக்குப் பயந்து கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி, பெயருக்குத்தான் பால்கனி.

ஸ்டீம்போட்டுக்கு மேசையில் வைப்பார்களே, அந்த டப்பா கேஸ் அடுப்பு ஒன்று வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். டப்பா இருக்கும் பக்கம்வரை நீளும் அகலச் சட்டியை மட்டும் ஏற்றாதீர்கள். சூடு டப்பாவில் இறங்கினால் வெடிக்கும். கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. கரண்டு போனாலும் தீக்குச்சி எரியும்.

தரைவீட்டில், திறந்த கொல்லைப்புறம் உள்ளவர்கள் விறகு மூட்டலாம். புகைக்கு ரப்பர் கட்டையைத் திட்டிப் பயனில்லை. ஈர விறகில் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. கட்டையிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாக வெளியேறுகிறது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல், கூரைக்கடியில் மாதக்கணக்கில் காயவிடுங்கள். காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'ணங்'கென்று கேட்கும். பெயின்ட் பூசிய பலகை, பிளைவுட் இரண்டையும் அடுப்பில் திணிக்காதீர்கள். 'எம்பி' (MB) முத்திரையிட்ட, சரக்கு அடுக்கும் பலகையும் கூடாது. அது பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது.

அடுப்பின் குமிழ்கள் பானையை 2 சென்டிமீட்டராவது தூக்கி நிறுத்த வேண்டும். பானை பொருந்தி உட்கார்ந்தால் தீ போக வழியில்லை. வாய் முழுக்க விறகை அடைத்துவிட்டு ஊதுகுழலோடு மல்லுக்கட்டுவது நம்மவர்களின் தனி வழக்கம்! பாதி வாயைக் காற்றுக்கு விடுங்கள். மூன்று கட்டை போதும். நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். மூட்டுவதற்குக் காய்ந்த தென்னை ஓலை, சிராய், மேலே இரண்டு சிரட்டை. பெட்ரோல் பேச்சே வேண்டாம். பானையின் வெளிப்புறம் சாம்பலைக் குழைத்துப் பூசியிருந்தால் கரி சுலபமாகக் கழுவிப்போகும். கஞ்சி வடித்ததும் கொள்ளிகளை இழுத்துவிட்டு, சோற்றைத் தணலில் 10 நிமிடம் மூடி வையுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். கரண்டு போனதும் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். மீனையும் இறைச்சியையும் அதற்குள் சமைத்துவிடுங்கள். நேரம் தாண்டிய தேங்காய்ப்பால் குழம்பைக் கொதிக்கவைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.